விலை ஒட்டாத மங்கு

எங்கள் அரும்பொருளகத்தைத் தேடிக்கொண்டு யாரும் வருவதில்லை. மழைக்கு ஒதுங்குகிறவர்கள்தான் வருவார்கள். சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம், ஓர் இரும்புச் சாமான் கடைக்கும் ஒரு சின்ன ஹோட்டலுக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கும் பழைய கடைவீடு அது. ஆணி வாங்க வந்தவர்கள் தவறி உள்ளே நுழைந்து, வந்ததுதான் வந்தோம் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவதும் உண்டு. வானம் கறுத்தாலே எங்களுக்குக் குஷி வந்துவிடும்.

எங்களுக்கு என்றால், அரும்பொருளகத்தின் நண்பர்கள் குழுவுக்கு. நாங்கள் தொண்டூழியர்கள். சம்பளம் கிடையாது, சட்டை உண்டு. மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி ஒரு நிறத்தில், எல்லாருக்கும் ஒரே அளவில் தைத்த சட்டை. ஒல்லியாக இருப்பவர்கள் அதற்குள் தொலைந்துபோவார்கள், நான் அதற்குள் அடங்க மாட்டேன். அதைப் போட்டுக்கொண்டு நிதி திரட்டுவதுதான் எங்கள் வேலை.

நான் இதில் மாட்டிய கதை சின்னது. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி, "சும்மா ஒரு டீ பார்ட்டி, வா லா" என்று கூட்டிப்போனாள். தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் யாரோ என் கையில் ஒரு டிக்கெட் கட்டைத் திணித்துவிட்டார்கள். அவள் அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. நான் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறேன்.

நிதி திரட்டுவதில் நாங்கள் செய்து பார்க்காத கூத்து இல்லை. லிட்டில் இந்தியாவைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று டிக்கெட் போட்டு ஒரு நடை நடத்தினோம். வழிகாட்டி நான். பூக்கடையில் ஆரம்பித்த கூட்டம் நகைக்கடை வாசலில் பாதியாயிற்று. ஆப்பக்கடை வந்தபோது மீதிப் பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் என் பின்னால் வந்த ஒரே தம்பதி, டிக்கெட் வாங்காமல் நடுவில் சேர்ந்துகொண்டவர்கள் என்று தெரிந்தது. இன்னொரு முறை ஓவியங்களை ஏலம் விட்டோம். எங்கள் தலைவி தாமே வரைந்து கொடுத்த படத்தை யாருமே கேட்கவில்லை. அந்த அவமானம் பொறுக்காமல் அவரே கையைத் தூக்கி அவரே ஏலத்தில் எடுத்துக்கொண்டு போனார். படம் இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது.

தலைவி ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நாங்கள் எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். நிமிர்ந்த முதுகு, கஞ்சி போட்ட சேலை, வீட்டில் பூனையைக் கூப்பிடுவதும் தூய தமிழில்தான் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு. டீச்சர் இந்த முறை ஒரு முடிவோடு வந்தார். அரும்பொருளகத்தில் ஒரு மூலையைப் பழைய அடுக்குமாடி வீட்டுச் சமையலறையாக மாற்றப் போகிறார்கள். நம் ஆட்கள் முதன்முதலில் புளோக் வீடுகளுக்குக் குடிவந்தபோது எப்படிச் சமைத்தார்கள், எதில் குடித்தார்கள் என்று காட்டுவதற்கு. பொருள்களை ஆளுக்கொன்றாக இரவல் தருவதாக ஒப்புக்கொண்டாயிற்று. அவற்றை வைக்க விளக்கு போட்ட கண்ணாடிப் பெட்டி வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். சனிக்கிழமை திறப்பு. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை வாசலில் பழைய சாமான் விற்பனை.

அந்த மூலைக்கு நான் தருவதாகச் சொன்னது அப்பாவின் மங்கு. எனாமல் பூசிய தேநீர்க் குவளை. வெள்ளை உடம்பு, நீல விளிம்பு, கைப்பிடிக்குக் கீழே கறுப்பாக ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். வேலையிடத்துச் சத்தத்தில் காது பாதி போய்விட்டதாலோ என்னவோ, வீட்டில் அவர் வாயைத் திறந்து தேநீர் கேட்டதே இல்லை. மங்கை மேசையில் டங் என்று ஒரு தட்டு தட்டுவார். தேநீர் வரவேண்டும். குடித்துவிட்டுப் படபடவென்று தட்டினால் சீனி பத்தவில்லை. "வாய் என்ன வாடகைக்கா விட்டிருக்கீங்க?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்துவார். அதற்குப் பதிலும் ஒரு டங்தான். அவர் போன பிறகு அந்த மங்கு ஆங் மோ கியோவில் என் சமையலறை மேல்தட்டில் ஏறி உட்கார்ந்தது. யாரும் அதில் குடிக்கவில்லை, நானும் குடிக்கவில்லை. எடுத்துத் துடைத்துத் திரும்ப வைப்பதோடு சரி. கண்ணாடிப் பெட்டி என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கப்பா விளக்கு வெளிச்சத்தில் ஜம்மென்று உட்காரப் போகிறார் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

விற்பனையன்று காலையில் மங்கை அரும்பொருளக அதிகாரியிடம் கொடுத்தேன். சின்னப் பெண், துறுதுறுவென்று இருப்பாள். அதன் கைப்பிடியில் ஒரு வெள்ளை நூல் கட்டி, எண் போட்ட அட்டையை மாட்டி, வெளிச்சம் நன்றாக இருக்கிறது, அப்புறம் படம் எடுத்துக்கொள்கிறேன் என்று வாசலோரம் ஒரு தட்டில் வைத்தாள். அந்தத் தட்டு இருந்த மேசைக்கு அடுத்தது எங்கள் விற்பனை மேசை. அதற்குப் பின்னால் காய்கறி அக்கா.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். தேக்கா சந்தையில் ஆயுசு முழுக்கக் காய்கறிக்கடை வைத்திருந்தவர். முட்டி தேய்ந்து நாள் முழுக்க நிற்க முடியாமல் போனதும் மகன் கடையை வேறொருவருக்கு விட்டுவிட்டான். "வீட்ல உக்காந்து சுவத்தோட பேச ஆரம்பிச்சிட்டேம்மா. சுவரு ஒண்ணும் வாங்க மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டு எங்கள் குழுவில் வந்து சேர்ந்தார். மஞ்சள் சட்டையைச் சேலைக்கு மேலேயே மாட்டிக்கொள்வார். அவருக்கு அடக்கம் என்பது அறவே கிடையாது. தேக்காவில் தன் கடைக்கு வராத மந்திரி இல்லை என்பார், பாதி பொய். ஆனால் அவர் மேசைக்குப் பின்னால் நின்றுவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. எதையாவது சாக்கு வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றுகொள்வேன்.

டீச்சரின் கட்டளைகள் தெளிவாக இருந்தன. எல்லாப் பொருளிலும் வட்டமான ஆரஞ்சு நிறச் சீட்டில் விலை ஒட்டியிருக்கிறது. பேரம் கிடையாது, தள்ளுபடி கிடையாது. இது அறப்பணி, சந்தை இல்லை.

கடை திறந்து கொஞ்ச நேரம் ஈ ஓட்டினோம். ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்திருக்கும் தம்பிகள் வார விடுப்பில் நடைபாதை நிறையப் போய்க்கொண்டிருந்தார்கள். நின்றார்கள், சீட்டைப் பார்த்தார்கள், நகர்ந்தார்கள். அக்காவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு தம்பி தோசைக்கல்லைத் தூக்கிப் பார்த்துக் கீழே வைக்கப் போனான்.

"வைக்காத தம்பி, எடுத்துக்க. கூட இந்தக் கரண்டியையும் வெச்சுக்க, கொசுறு."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. டீச்சர் முகம் சுருங்கிவிட்டது.

"அக்கா, நான் என்ன சொன்னேன்?"

"பேரம் பேசக்கூடாதுன்னீங்க டீச்சர். பேசினேனா? தள்ளுபடி கூடாதுன்னீங்க. தள்ளினேனா? கொசுறு கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்லையே!"

அதற்குள் அடுத்த இரண்டு பேர் வந்து நின்றுவிட்டார்கள். அதற்கப்புறம் நடந்தது விற்பனை இல்லை, திருவிழா. சேலை எடுத்தால் ஒரு கொண்டை ஊசி. சட்டி எடுத்தால் ஒரு மூடி, அது அந்தச் சட்டிக்குப் பொருந்தாது என்பது வேறு விஷயம். ஃபேன் எடுத்தவருக்கு ஒரு பிளாஸ்டிக் ரோஜா. அக்கா கையை எங்கே விடுகிறார், என்ன எடுக்கிறார் என்று எங்களுக்கே தெரியவில்லை. நடுநடுவே எல்லாரிடமும் ஊர் விசாரிப்பு, மாமியார் விசாரிப்பு. இரும்புக் கடைக்காரர் தம் கடையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்து, ஒரு டிபன் கேரியரோடும் கொசுறாக ஒரு சீப்போடும் திரும்பிப் போனார். அவருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. மத்தியானம் தாண்டுவதற்குள் மேசையில் துணிவிரிப்பு மட்டும்தான் மிச்சம், அதையும் ஒருவர் விலை கேட்டார். பெட்டி வந்தாயிற்று, விளக்கும் வந்தாயிற்று என்று நானும் அக்காவும் நடைபாதையில் கைகோத்து ஒரு சுற்றுச் சுற்றினோம். டீச்சர்கூட உதட்டை இறுக்கிக்கொண்டு சிரித்தார்.

அப்போதுதான் அதிகாரிப் பெண் கேமராவோடு வெளியே வந்தாள்.

"ஆன்ட்டி, இந்த ட்ரேல வெச்ச மங்கு எங்க?"

தட்டு காலியாக இருந்தது. நான் மேசைக்கு அடியில் பார்த்தேன். அவள் உள்ளே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அக்கா மட்டும் இடுப்பில் கை வைத்தபடி நிம்மதியாக நின்றார்.

"நூல் கட்டின மங்கா? அது கொசுறா போயிடுச்சே. இட்லிக் குண்டான் வாங்குன தம்பிக்குக் குடுத்தேன்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என்னைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அன்றைக்கு அது மூக்கில் நிற்கவில்லை. "அக்கா, அது எங்கப்பா மங்கு! எப்படிக் கொடுத்தீங்க?" என்று நான் போட்ட கத்தலில் எதிர்ச்சாரியில் போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா அதிர்ந்துபோனார். "அதுல விலை ஒட்டலையேம்மா," என்றார். "என் கடையில விலை போடாததெல்லாம் கொசுறுதான். கறிவேப்பிலைக்கு யாராச்சும் விலை போடுவாங்களா? எல்லாத்துலயும் சீட்டு இருக்கு, இதுல மட்டும் நூல் இருக்கு. கொசுறுக்குன்னு எடுத்து வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

டீச்சருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். "அம்மையாரே, இனிமேல் நீங்கள் விற்பனை மேசைக்கு வரவேண்டாம்," என்றார்.

அக்கா தலைவழியாக மஞ்சள் சட்டையைக் கழற்றினார். நான்காக மடித்து, காலி மேசையில் வைத்து, ஒருமுறை தடவிவிட்டார். "மங்கு கெடைச்சா போட்டுக்கறேன் டீச்சர். கெடைக்கலன்னா வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க," என்றார். திரும்பவும் சுவரோடு பேசப்போகிற ஆளைப் போல அவர் நின்றார். எனக்கு அழுகை வந்தது. மங்குக்காகவா அக்காவுக்காகவா என்று கேட்டால், சத்தியமாக அந்த நிமிஷத்தில் தெரியாது. கோபம் மட்டும் போகவில்லை.

"ஆள் யார், எங்க இருக்கான்?" என்றேன்.

அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தஞ்சாவூர்ப் பக்கம். மனைவி போன மாதம்தான் வந்திருக்கிறாள். அவள் வைக்கும் சாம்பார் தண்ணியாக இருக்குமாம், ஆனால் அவளிடம் சொல்லப் பயமாம். பெண் குழந்தைக்குப் பல் முளைக்கிறது. மாமியாருக்குக் கண் ஆபரேஷன். இவ்வளவும் கேட்ட அக்கா பெயரையும் முகவரியையும் மட்டும் கேட்கவில்லை.

"ஈசூன் வரைக்கும் இந்தக் குண்டானத் தூக்கிட்டுப் போணுமேன்னு சொன்னான். அப்புறம், அவன் புளோக்குக்குக் கீழ ஒரு கடை இருக்காம். அங்க கறிவேப்பிலை கெடைக்காதாம். பாவம், புள்ளைங்க கறிவேப்பிலை இல்லாம சமைக்குதுங்க."

டீச்சரும் அக்காவும் நானும் எம்ஆர்டி ரயில் ஏறினோம். நியூட்டனில் மாறி ஈசூன் போகும் வரை அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசவில்லை. நடுவில் நான். "டீச்சர் தண்ணி குடிச்சாங்களான்னு கேளும்மா," என்பார் அக்கா. "குடித்துவிட்டேன் என்று சொல்லுங்கள்," என்பார் டீச்சர். எதிரே உட்கார்ந்திருந்த சீனப் பாட்டி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கடைசியில் எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார்.

ஈசூனில் எத்தனை புளோக், எத்தனை கடை! நாங்கள் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினோம். கறிவேப்பிலை இருக்கிறதா என்று கேட்பது, இருக்கிறது என்றால் சோர்ந்துபோவது. ஒரு கடைக்காரர் ஆசையாகப் பச்சைப்பசேலென்று ஒரு கட்டை எடுத்து நீட்டினார். டீச்சர் "ஐயோ" என்று தலையில் கைவைத்தார். அவர் இரண்டாவது கட்டையும் எடுத்து நீட்டினார், அது இன்னும் பச்சை. இன்னொரு கடையில் இல்லை என்று சொன்னதும் நாங்கள் மூன்று பேரும் கைதட்டினோம். பிறகு அந்த அம்மா, நாளைக்கு வந்துவிடும் என்று சொல்லி எங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார். ஒரு கட்டத்தில் எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. கோபமாகத்தான் இருந்தேன், இருந்தும் நிறுத்த முடியவில்லை. டீச்சர் என்னை முறைத்தார். முறைத்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கும் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. முட்டி வலியோடு அடுத்த கடையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு கோப்பிக்கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மளிகைக்கடை. சீனத்து அங்கிள் அரை ஆங்கிலமும் அரை மலாயுமாகச் சொன்னார். கறிவேப்பிலை இல்லை, எப்போதும் இல்லை. எல்லாரும் ஏன் இதையே கேட்கிறீர்கள்? மத்தியானம்கூட ஒருத்தர் பெரிய பானையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்து கேட்டுவிட்டு, உளுந்து மட்டும் வாங்கிக்கொண்டு போனார். சொல்லிவிட்டு மேலே மூன்றாவது மாடியைக் காட்டினார். டீச்சர் அவருக்குக் கைகூப்பி நன்றி சொன்னார். அவரும் என்னவென்று புரியாமல் கைகூப்பினார்.

மின்தூக்கியை விட்டு இறங்கி நடந்தபோதுதான் கேட்டது. டங். கொஞ்சம் இடைவெளி. டங். அப்புறம் படபடவென்று ஒரு தட்டல்.

அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், சீனி பத்தவில்லை என்று இப்போது யாரிடம் போய்ச் சொல்வது? மங்கை இத்தனை வருஷம் துடைத்துத் துடைத்து வைத்தேனே தவிர, ஒருமுறைகூடத் தட்டிப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நான் உதறவில்லை.

கதவு திறந்தே இருந்தது. "அக்கா! நீங்களா?" என்று அந்தத் தம்பி துள்ளி எழுந்தான். நாங்கள் விருந்தாட வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டான். அவன் மனைவி அவசரமாகத் தண்ணீர் கொண்டுவந்தாள். தரையில் ஒரு பாப்பா சட்டமாக உட்கார்ந்து, எங்கப்பாவின் மங்கைக் கைப்பிடியோடு பிடித்து, ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் கெக்கெக்கே என்று சிரிப்பு. எண் போட்ட அட்டை வாயில் ஊறிக் கூழாகியிருந்தது.

டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "இப்பொருள் அரும்பொருளகத்தின் பொறுப்பில் இருப்பது. தவறுதலாக உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது."

தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. "மேடம், நான் எடுக்கல மேடம். அவங்கதான் குடுத்தாங்க. இதனால என் வொர்க் பாஸ் கேன்சலாயிடுமா மேடம்?"

"ச்சே, அதெல்லாம் ஒன்றுமில்லை," என்று டீச்சர் பதறி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நாங்கள் விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறோம்." பணப்பையைத் திறந்தார்.

அவன் இரண்டு அடி பின்வாங்கினான். "கொசுறா வந்ததுக்கு எப்படி மேடம் காசு வாங்குறது? நல்லாவா இருக்கும்? சும்மா எடுத்துட்டுப் போங்க." சொல்லிக்கொண்டே குனிந்து மங்கைத் தொட்டான். பாப்பா கத்திய கத்தலில் எதிர்வீட்டுக் கதவு திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அவன் கையை எடுத்தான், கத்தல் நின்றது. தொட்டான், மறுபடியும் ஆரம்பித்தது. டீச்சர் சாவிக்கொத்தைக் காட்டினார். நான் எம்ஆர்டி பாட்டியின் மிட்டாயைக் காட்டினேன். பாப்பா எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டங் என்றாள்.

"பாப்பா கையிலேருந்து பிடுங்கக்கூடாது டீச்சர்," என்றார் அக்கா. அன்று முதன்முறையாக நேராக டீச்சரிடமே பேசினார். "சும்மா வாங்கறதும் சரியில்ல. நாம இங்க ஏதாச்சும் வாங்குவோம். அதுக்குக் கொசுறா அவங்க குடுக்கட்டும். ஏம்மா, நீ கையால செஞ்சது ஏதாச்சும் வீட்ல இருக்கா?"

அந்தப் பெண் யோசித்தாள். "இட்லிப் பொடி இருக்குக்கா. நேத்துதான் இடிச்சேன்."

"எடுத்துட்டு வா. என்ன விலை?"

அவள் கூச்சத்தோடு ஏதோ ஒரு சொற்பத் தொகையைச் சொன்னாள். அக்காவுக்கு வந்ததே கோபம்! "என்னம்மா இது! உளுந்து விக்கிற விலைக்கு இந்த விலை சொன்னா நீ எப்படிப் பொழைப்ப? டீச்சர், அதெல்லாம் கட்டுப்படியாகாது, இன்னும் போட்டுக் குடுங்க." வாங்கப் போனவர் விலையை ஏற்றிக்கொண்டே போனார். விற்கிறவள் வேண்டாம் வேண்டாம் என்று இறக்கினாள். டீச்சர் நடுவில் பணப்பையோடு திண்டாடினார். பேரம் கிடையாது என்று சட்டம் போட்ட டீச்சர்தான்! நான் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கடைசியில் ஒரு பாட்டில் பொடி கைமாறியது.

அக்கா கையை நீட்டினார். "சரி. கொசுறு எங்க?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுப்படிக்குப் போய்ப் புதுக் குண்டானின் மூடியைக் கொண்டுவந்து பாப்பாவின் மடியில் வைத்தாள். பாப்பா அதை ஒருமுறை தரையில் அடித்தாள். வீடே அதிர்ந்தது. பாப்பாவுக்கு அப்படி ஒரு பூரிப்பு. மங்கைத் தூக்கி வீசினாள். அது உருண்டு வந்து என் காலடியில் நின்றது. எடுத்துப் பார்த்தேன். நீல விளிம்பில் புதிதாக ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.

டீச்சர் தம் கைப்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து, நான்காக மடித்த மஞ்சள் சட்டை வந்தது. ஜாலான் புசாரிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டே வந்திருக்கிறார், எங்களிடம் மூச்சு விடவில்லை.

"போட்டுக்குங்கக்கா," என்றார். டீச்சர் வாயில் பேச்சுத்தமிழை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அக்கா யார் வீடு என்றுகூடப் பார்க்காமல் அங்கேயே சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டார். தலை வெளியே வருவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று. வந்தபோது கண் கலங்கியிருந்தது. "கழுத்து சின்னதா தைச்சுட்டாங்க," என்றார்.

சனிக்கிழமை மழை இல்லை, இருந்தும் கூட்டம். தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். அவன் மனைவி இடித்த பொடிப் பாட்டில்கள் வாசலில் வரிசையாக நின்றன, அடுத்த நிதிக்கு முதல் வரவு. மேசைக்குப் பின்னால் அக்காவும் டீச்சரும். டீச்சர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பாட்டில் வாங்கிய ஒருவர் பையில் சட்டென்று ஒரு புத்தகக்குறியைப் போட்டதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

உள்ளே, கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் அப்பாவின் மங்கு. நான் நினைத்த மாதிரியே ஜம்மென்றுதான் இருந்தது. பெருமையாக இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் சத்தமே இல்லை. அவ்வளவு நேரம் அப்பா எதையும் கேட்காமல் உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை.

பாப்பா அப்பன் தோளிலிருந்து அதைப் பார்த்துவிட்டாள். இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தாள். அதிகாரிப் பெண் "ஐயோ பாப்பா, நோ நோ" என்று ஓடிவந்து தடுத்தாள். தம்பி வெட்கப்பட்டுக்கொண்டு பாப்பாவை இறக்கி வெளியே தூக்கிப் போனான். போகும் வழியெல்லாம் அவள் கையை நீட்டிக்கொண்டே போனாள்.

"ஆன்ட்டி, விளிம்புல இந்தச் சில்லு முன்னாடி இல்லையே," என்றாள் அதிகாரிப் பெண்.

"அது ஈசூன்ல விழுந்தது."

"சாரி ஆன்ட்டி. எக்ஸிபிஷன் முடிஞ்சதும் பத்திரமா நானே உங்க வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்துடறேன்."

"எனக்கு வேண்டாம்மா," என்றேன். "ஈசூனுக்குக் கொண்டுபோய் அந்தப் பாப்பா கையில கொடுத்துடு."

பொடிக்குச் சில்லறை கேட்க உள்ளே வந்த அக்கா, காதில் விழுந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா, உங்கப்பா மங்கு ஆச்சே! அதைப் போயா கொடுக்கற?"

"அதுல விலை ஒட்டலையேக்கா," என்றேன்.